ஆறில்லாத ஊரின் ஆறு

"உங்க ஊர்ல என்ன ஆறு சார்?" தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இப்படி யாராவது கேட்டால் தஞ்சாவூர்க்காரர் காவிரி என்பார். நெல்லைக்காரர் தாமிரபரணி என்பார் (கூடவே அல்வாப் பேச்சும் வரும்). பெங்களூர் மர்பி டவுன்காரன் நான் என்னத்தைச் சொல்ல? அலசூர் ஏரி என்று சொல்லிச் சமாளிப்பேன்.

மர்பி டவுனுக்குப் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. பிறகுதான் மர்பி என்கிற எஞ்சினியர் பெயர் வந்தது. 1809ல் வெள்ளைக்காரன் அலசூர்ப் பக்கம் கண்டோன்மென்ட் போட்டதும், மதராஸ் பட்டாளத்தோடு நம்மாட்களும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா ரொம்பப் பின்னால், திருக்கோவிலூர்ப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்தவர்.

நான் இப்போது இருக்கும் கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் வால்நட் குரோவ், லாக் என்று குட்டிக் குட்டி ஊர்கள் உண்டு. மேயரும் இல்லை, நகராட்சியும் இல்லை, எல்லாம் கவுண்டி பார்த்துக்கொள்ளும். கண்டோன்மென்ட் அப்படியல்ல, அதற்குத் தனி முனிசிபாலிட்டியே இருந்தது. ஆனால் அதுவும் இரண்டுங்கெட்டான்தான். 1881ல் மைசூரை உடையாரிடம் திருப்பிக் கொடுத்தபோது, சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனை மட்டும் வெள்ளைக்காரன் கையில் வைத்துக்கொண்டான். 1947ல்தான் மைசூருக்குத் திரும்பியது. 1949ல் இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து ஒரே கார்ப்பரேஷன்.

இனி தண்ணீர் விஷயம். 1974லிருந்து பெங்களூர் குடிப்பது காவிரி. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஐந்நூறு மீட்டர் மேலே பம்ப் பண்ணி வருகிறது. 1991 டிசம்பரில் அந்தக் காவிரிக்காகக் கலவரம் வந்தபோது, "தெருவுல தமிழ்ல பேசாதடா" என்றார் அம்மா. வீட்டுக் குழாயில் வந்ததும் அதே காவிரிதான்! அந்த வருஷம் ஏரிக்கரையில் திறக்க வேண்டிய திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் வரை மூடியே கிடந்தது. பதினெட்டு வருஷம். நாலே நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை.

போன மாதம் பையனின் பள்ளி பிராஜெக்டுக்காக மேப்பைப் புரட்டினோம். பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழுகிற மழை விருஷபாவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. அலசூர் ஏரியில் வழிவதோ கிழக்கே பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் சேர்கிறது. அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், கடைசியில் கடலூர்!

அட, கொள்ளுத்தாத்தா கிளம்பி வந்த அதே திருக்கோவிலூர்! நாங்கள் மேலே ஏறி வந்தோம், எங்கள் ஏரித் தண்ணீர் இத்தனை வருஷமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இனி சங்கத்தில் யார் கேட்டாலும் தென்பெண்ணை என்றுதான் சொல்லப் போகிறேன் :-)

அதில் குளிக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். பெல்லந்தூர் ஏரி 2017ல் தீப்பிடித்தே எரிந்தது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கிய படங்களைப் பார்த்துவிட்டு, "நாம அனுப்புனதாப்பா இது?" என்றான் பையன்.