பட்டதாரிப் பொறியியலாளர் பயிலுநர்

பட்டதாரிப் பொறியியலாளர் பயிலுநர் என்பது, பொறியியல் பட்டம் பெற்ற ஒருவரை ஒரு நிறுவனம் உடனடியாகப் பொறுப்பான பதவியில் அமர்த்தாமல், குறிப்பிட்ட காலம் பயிற்சி அளித்து, அதில் தேறிய பின்னர் நிரந்தரப் பணியில் அமர்த்தும் முறையையும், அம்முறையில் சேர்க்கப்படுபவரையும் குறிக்கும். இந்தியாவில் இது ஜி.ஈ.டி. என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. பொதுத்துறை நிறுவனங்கள் பொறியியலாளர் பயிலுநர், நிர்வாகப் பயிலுநர் முதலிய பெயர்களையும் பயன்படுத்துகின்றன. பயிற்சிக் காலம் பெரும்பாலும் ஓராண்டு ஆகும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் இது சில மாதங்களாக அமைவதுண்டு.

இதே போன்ற பெயரும், ஆனால் வேறுபட்ட சட்ட நிலையும் கொண்ட பட்டதாரித் தொழிற்பழகுநர் முறையும் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. பயிலுநர் என்பவர் வேலைக்காகத் தெரிவு செய்யப்பட்டவர்; தொழிற்பழகுநர் என்பவர் பயிற்சிக்காக மட்டும் சேர்க்கப்பட்டவர். இருவரும் ஒரே ஆலையில் அடுத்தடுத்த மேசைகளில் பணியாற்ற நேரலாம் என்பதால், புதிய பட்டதாரிகள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதுண்டு.

வரலாறு

பொறியியல் பட்டதாரிகளுக்கு நிறுவனங்களே பயிற்சி அளிக்கும் வழக்கம், மின்பொறித் தொழில் வளர்ந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், தான் உற்பத்தி செய்த மின் எந்திரங்களைச் சோதிக்கும் பணியில் பட்டதாரிகளை அமர்த்திப் பயிற்றுவித்தது. இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரில் இயங்கிய மெட்ரோபாலிட்டன்-விக்கர்சு நிறுவனம் "கல்லூரிப் பழகுநர்" என்ற முறையை நடத்தியது. பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜான் காக்கிராஃப்ட் அங்கே கல்லூரிப் பழகுநராக இருந்தவர்.

இந்தியாவில் 1921 ஆம் ஆண்டில் டாட்டா உருக்கு ஆலையின் சார்பில் சாம்செட்பூர் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு வல்லுநர்களின் இடத்தை நிரப்பக்கூடிய இந்தியர்களை உருவாக்குவது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும். விடுதலைக்குப் பின்னர் அரசு பெருந்தொழில்களைத் தொடங்கியபோது, கல்லூரிகளில் இருந்து பெற முடியாத சிறப்பறிவு தேவைப்பட்டது. அணு ஆற்றல் துறையில் ஓமி பாபாவின் முயற்சியால் 1957 இல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் இங்கு ஓராண்டு பயின்று, தேர்ச்சி அடிப்படையில் அறிவியல் அலுவலர்களாக நியமிக்கப்படுகின்றனர். கல்பாக்கத்திலும் இப்பயிற்சி நடைபெறுகிறது. அனல்மின் நிலையப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கழகம் ஒன்று 1965 இல் நெய்வேலியில் தொடங்கப்பட்டது. அது பின்னர் தேசிய மின்திறன் பயிற்சிக் கழகத்தின் பகுதியானது.

தொடக்க காலத்தில் இவ்வாய்ப்புகள் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன. 1974 இல் டெல்கோ நிறுவனம் (தற்போதைய டாட்டா மோட்டார்சு) இளம் பொறியியலாளர்களுக்காக வெளியிட்ட விளம்பரத்தில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பொறியியல் பயின்று வந்த சுதா மூர்த்தி, இதனைக் கண்டித்து ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதினார். அதன் பின்னர் அவர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டுப் பணியில் சேர்க்கப்பட்டார்.

தெரிவு முறை

பயிலுநர்கள் பொதுவாகப் பின்வரும் வழிகளில் தெரிவு செய்யப்படுகின்றனர்.

• வளாகத் தேர்வு: நிறுவனங்கள் கல்லூரிகளுக்கு நேரில் சென்று இறுதியாண்டு மாணவர்களைத் தெரிவு செய்கின்றன. எழுத்துத் தேர்வு, குழு உரையாடல், தொழில்நுட்ப நேர்முகம், மனிதவள நேர்முகம் ஆகியவை இதன் படிநிலைகள் ஆகும். தனியார் நிறுவனங்களில் இதுவே முதன்மையான வழியாகும்.
• கேட் தேர்வு: முதுநிலைப் பொறியியல் படிப்புகளில் சேர்வதற்காக 1980களில் தொடங்கப்பட்ட இத்தேர்வின் மதிப்பெண்ணைப் பல பொதுத்துறை நிறுவனங்கள் 2010களில் பணித் தெரிவுக்கும் பயன்படுத்தத் தொடங்கின. தேசிய அனல்மின் கழகம், இந்தியன் ஆயில், பவர் கிரிட் ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.
• நிறுவனத்தின் சொந்தத் தேர்வு: சில நிறுவனங்கள் நாளிதழ்களிலும் இணையத்திலும் அறிவித்துத் தாமே எழுத்துத் தேர்வு நடத்துகின்றன.

பயிற்சியின் அமைப்பு

நான்காண்டுப் பொறியியல் படிப்பு கோட்பாடுகளைக் கற்பிக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆலையின் எந்திரங்கள், வழிமுறைகள், வரைபடக் குறியீடுகள், செலவுக் கணக்கு ஆகியவற்றை அந்த ஆலையிலேயே கற்க வேண்டியுள்ளது. இந்த இடைவெளியை நிரப்புவதே பயிற்சியின் நோக்கம் ஆகும்.

பயிற்சியின் முதற்கட்டம் அறிமுக வகுப்புகள் ஆகும். நிறுவனத்தின் அமைப்பு, விதிமுறைகள், பாதுகாப்பு ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, மின் நிலையத்தில் பணி அனுமதிச் சீட்டு பெறாமல் எந்த எந்திரத்திலும் கை வைக்கக்கூடாது என்பதும், பழுது பார்க்கப்படும் கருவிக்கான மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டிட வேண்டும் என்பதும் முதலில் கற்பிக்கப்படுவன ஆகும்.

இரண்டாம் கட்டம் துறைச் சுழற்சி ஆகும். பயிலுநர் வடிவமைப்பு, திட்டமிடல், உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு, கொள்முதல், கிடங்கு ஆகிய துறைகளில் சில வாரங்கள் வீதம் அமர்த்தப்படுகிறார். ஒரு துறையில் எடுக்கப்படும் முடிவு மற்றொரு துறையை எவ்வாறு பாதிக்கிறது என்பதை நேரில் காண்பது இச்சுழற்சியின் சிறப்புப் பயன் ஆகும். வடிவமைப்பாளர் தேவைக்கு மேல் நுண்ணிய அளவு வரம்பைக் குறித்தால், உற்பத்தியில் நேரமும் செலவும் கூடும். தரப் பிரிவில் கழிவும் மிகும். இதைக் கடைசல் எந்திரத்தின் அருகில் சில நாட்கள் நின்று பார்த்தவர் எளிதில் உணர்வார்.

கட்டுமான நிறுவனங்களில் பயிலுநர்கள் பெரும்பாலும் பணித்தளங்களுக்கே அனுப்பப்படுகின்றனர். மட்டம் பார்த்தல், கம்பி வளைப்பு அட்டவணை தயாரித்தல், கற்காரைக் கனசதுரங்களை 7 ஆம் நாளிலும் 28 ஆம் நாளிலும் சோதித்துப் பதிதல் ஆகியன இவர்களின் தொடக்கப் பணிகள் ஆகும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் நிரலாக்கம், தரவுத்தளம் ஆகியவற்றில் வகுப்பறைப் பயிற்சியும் தொடர் தேர்வுகளும் நடத்தப்படுகின்றன. மைசூரில் உள்ள இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் இவ்வகையில் பெரியதொன்றாகும்.

பயிலுநர் நாள்தோறும் தம் பணியைக் குறிப்பேட்டில் பதிந்து, வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட மூத்த பொறியியலாளரிடம் ஒப்பம் பெற வேண்டும். இறுதியில் ஒரு செயல்திட்டத்தை முடித்து, வாய்மொழித் தேர்வுக்கு உட்பட வேண்டும். எனினும் நடைமுறை நுணுக்கங்களுள் பெரும்பகுதியைப் பயிலுநர்கள் மேற்பார்வையாளர்களிடமும் நீண்டகாலத் தொழிலாளர்களிடமும் இருந்தே கற்கின்றனர். தாங்கி ஒன்றின் ஒலி மாறுவதைக் கொண்டே அதன் பழுதை உணரும் திறன் இத்தகையது. ஓராண்டுக்குப் பின் அதே தொழிலாளர்களை மேற்பார்வையிட வேண்டியவர் பயிலுநர் என்பதால், இக்காலத்தில் அவர்களுடன் ஏற்படும் நல்லுறவு பிற்காலப் பணிக்கு அடிப்படையாகிறது.

தொழிற்பழகுநர் முறையிலிருந்து வேறுபாடு

தொழிற்பழகுநர் சட்டம் 1961 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1973 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் இதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர். மும்பை, கான்பூர், கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் உள்ள நான்கு தொழிற்பழகுநர் பயிற்சி வாரியங்கள் இதனைச் செயல்படுத்துகின்றன. பயிற்சிக் காலம் ஓராண்டு ஆகும்.

இச்சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்த பின் அவருக்கு வேலை வழங்குவது நிறுவனத்தின் கட்டாயக் கடமையன்று. 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ள வேண்டும். பிற தகுதிகள் சமமாக இருப்பின், நேரடியாக விண்ணப்பிப்பவரைக் காட்டிலும் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1995 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஊதியத்தில் வேறுபாடு பெரிது. 2019 ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் பட்டதாரித் தொழிற்பழகுநருக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகையை 9,000 ரூபாய் என வரையறுத்தன. இக்குறைந்தபட்சத் தொகையில் பாதியை நடுவண் அரசு ஈடு செய்கிறது. பொதுத்துறையில் 2017 ஊதியத் திருத்தத்தின்படி அலுவலர்களின் ஊதிய வீதங்களுள் ஒன்று 40,000 - 1,40,000 ரூபாய் ஆகும். தேசிய அனல்மின் கழகம் போன்றவை பயிற்சிக் காலத்திலேயே இவ்வீதத்தின் அடிப்படை ஊதியத்தையும் படிகளையும் வழங்கியுள்ளன. அதாவது, ஒரே பட்டம் பெற்ற இருவரின் முதல் வருமானத்தில் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு அமையக்கூடும்.

எனினும் தொழிற்பழகுநர் பயிற்சி பயனற்றது எனக் கூற இயலாது. வாரியம் வழங்கும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பணி அனுபவமாகப் பதியலாம். வளாகத் தேர்வு நடைபெறாத கல்லூரிகளில் பயின்றவர்களுக்குப் பெரிய ஆலைக்குள் நுழைய இதுவே வழியாக அமைவதுண்டு. பணியில் சேரும் கடிதத்தில் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் குறிக்கப்பட்டுள்ளதா, பயிற்சிக்குப் பின் அமரும் பதவியும் ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளனவா என்பவற்றைக் கொண்டு இவ்விரு முறைகளையும் வேறுபடுத்தி அறியலாம்.

பிணைப்பத்திரம்

பயிற்சிக்குச் செலவிடும் நிறுவனங்கள், பயிலுநர் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்றும், இடையில் விலகினால் ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என்றும் பிணைப்பத்திரம் பெறுவதுண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 27 ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. 74 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கோரத்தக்கது.

2025 மே மாதத்தில் விசயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் விலகியவர் மூத்த மேலாளர் ஆவார், பயிலுநர் அல்லர். எனினும், பணிக்காலத்துக்குள் அடங்கும் இத்தகைய நிபந்தனை தொழிலைத் தடுப்பதாகாது என்ற கருத்து பயிலுநர் பிணைப்பத்திரங்களுக்கும் தொடர்புடையது.

குறைகூறல்கள்

• பயிலுநர்கள் திட்டமிட்ட சுழற்சிக்கு அனுப்பப்படாமல், ஆள் பற்றாக்குறை உள்ள ஒரே பிரிவில் ஆண்டு முழுவதும் அமர்த்தப்படுகின்றனர் எனக் கூறப்படுகிறது.
• சில நிறுவனங்கள் நிரந்தரப் பணியாளர்களுக்கு மாற்றாக ஆண்டுதோறும் தொழிற்பழகுநர்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டு உள்ளது.
• வேலைவாய்ப்புக் கடிதம் பெற்றும் நீண்டகாலம் காத்திருக்க நேர்வதும், பயிற்சித் தேர்வில் தேறாதவர் வேலை இழப்பதும் சிக்கல்களாகும். 2025 பெப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனம் மைசூர் வளாகத்தில் இருந்து 300க்கும் மேற்பட்ட பயிலுநர்களை விடுவித்தது. மூன்று வாய்ப்புகளிலும் உள்மதிப்பீட்டில் தேறாதவர்களே விடுவிக்கப்பட்டனர் என்று நிறுவனம் தெரிவித்தது. இவர்களுள் பலர் 2022 இல் வாய்ப்புக் கடிதம் பெற்று, 2024 இல் சேர்க்கப்பட்டவர்கள் ஆவர்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் பட்டயப் பொறியியலாளர் என்ற தொழில்முறைப் பதிவுடன் இணைக்கப்பட்டுள்ளன. குடிசார் பொறியியலாளர் நிறுவனம், எந்திரப் பொறியியலாளர் நிறுவனம் ஆகியன நிறுவனங்களின் பயிற்சித் திட்டங்களுக்கு ஏற்பளிக்கின்றன. இதனால் பயிலுநர் பெறும் தகுதி, அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் உடன் வருகிறது. இந்தியாவில் நிறுவனங்களின் பயிற்சி பொதுவாக இத்தகைய பதிவுடன் இணைக்கப்படவில்லை. எனவே பயிற்சியின் மதிப்பு, பெரும்பாலும் அதனை அளித்த நிறுவனத்தின் பெயரைச் சார்ந்தே அமைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• தொழிற்பழகுநர் சட்டம், 1961
• கேட் தேர்வு
• தகுதிகாண் பருவம்
• பொறியியல் கல்வி