நெடுவரிசையின் பெயரும் பொருளும்: 1961, 1971 கணக்கெடுப்புகளை முன்வைத்து

மோதி பாக்கை ஒட்டிய தில்லிப் பல்கலைக்கழகத் தென் வளாகத்தில் சென்ற வாரம் முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டிலுள்ள வரைபடத்தைக் காட்டினார். 1961-க்கும் 1971-க்கும் இடையில் இந்தியப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்திருந்தது. பசுமைப் புரட்சியே காரணம் என்று அவர் எழுதியிருந்தார். எண்களில் பிழையில்லை, அவை கணக்கெடுப்பு வெளியீடுகளிலிருந்து தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டவை. இரண்டு கணக்கெடுப்புகளிலும் 'உழைப்பாளர்' என்ற நெடுவரிசை ஒரே பொருளைத் தருகிறது என்று கொண்டதே பிழை.

தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்பதை எங்கே பார்ப்பது? இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்ககாலக் கணினிக் கோப்புகளில் எந்த இடத்தில் எந்தச் செய்தி உள்ளது என்ற விவரம் பெரும்பாலும் நிரலுக்குள்ளேயே புதைந்திருந்தது. நிரலை அறியாதவருக்குக் கோப்பு வெறும் எழுத்துக் குவியல். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் உறவுசார் மாதிரியை முன்மொழிந்தார். அங்கேயே 1974-இல் தொடங்கிய 'சிஸ்டம் ஆர்' திட்டம், அட்டவணைகளைப் பற்றிய விவரங்களையும் அட்டவணைகளாகவே சேமித்தது. தரவைக் கேட்கும் அதே மொழியில் தரவின் அமைப்பையும் கேட்க முடிந்தது. 1985-இல் காட் வகுத்த பன்னிரு விதிகளுள் நான்காவது இதையே கட்டாயமாக்கியது. 1992-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை, 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்ற பெயரில் இதற்குப் பொது வடிவம் தந்தது. அதன் 'காலம்ஸ்' என்னும் காட்சியில் ஒவ்வொரு நெடுவரிசையின் பெயர், வரிசை எண், தரவு வகை, வெற்றுமதிப்பை ஏற்குமா என்ற செய்தி, இயல்பு மதிப்பு ஆகியவற்றைக் காணலாம்.

மாணவியின் தரவுத்தளத்திலும் அதைத் திறந்து பார்த்தோம். 'உழைப்பாளர்' நெடுவரிசை முழு எண் வகை, வெற்றுமதிப்பு ஏற்காது. அமைப்பு அறிந்தது அவ்வளவே. விளக்கக் குறிப்பு எழுதும் வசதி பல தரவுத்தளங்களில் உண்டு. ஆனால் அது கட்டாயமன்று. இங்கும் அக்குறிப்பு காலியாகவே இருந்தது.

விடுபட்ட அக்குறிப்பைக் கணக்கெடுப்பாளர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல்களில்தான் தேட வேண்டும். 1961-இல் வேளாண்மை போன்ற பருவகால வேலையில், பருவத்தின் பெரும்பகுதி நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக ஈடுபட்டவர் உழைப்பாளர். களை பறித்துவிட்டு வந்து உலை வைத்த பெண்ணும் அதில் இடம்பெற்றார். 1971-இல் ஒவ்வொருவரின் முதன்மைச் செயல்பாடு எது என்று கேட்கப்பட்டது. 'வீட்டு வேலை' என்ற விடை வந்தவுடன் அதே பெண் உழைப்பாளர் அல்லாதோர் பட்டியலுக்கு நகர்ந்தார்; அவருடைய வயல் வேலை துணைத் தொழிலாகத் தனியே பதிவாயிற்று. வரையறை மாற்றத்தின் விளைவை அளவிடக் கணக்கெடுப்புத் துறையே பின்னர் மறுஆய்வு நடத்த வேண்டியிருந்தது. 1981-இல் ஆண்டில் 183 நாள் அளவுகோலாகி, 'முதன்மை உழைப்பாளர்', 'குறுநிலை உழைப்பாளர்' என்ற பிரிவு வந்தது. ஆக, வரைபடத்தின் சரிவில் எவ்வளவு வயலில் நிகழ்ந்தது, எவ்வளவு படிவத்தில் நிகழ்ந்தது என்பதைப் பிரிக்காமல் பசுமைப் புரட்சியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

எழுத்தறிவு விகிதத்துக்கும் இது பொருந்தும். 1951, 1961, 1971 விகிதங்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொண்டவை. 1981 முதல் இன்று ஒப்பீட்டுக்குத் தரப்படுபவை ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியவை. ஒரே நெடுவரிசையில் இவற்றை அடுக்கினால் கணினி எவ்வித எச்சரிக்கையும் தராது.

எனவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அட்டவணைகளைத் தரவுத்தளமாக்கும்போது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வரையறை, கணக்கெடுப்பு ஆண்டு, வயது வரம்பு ஆகியவற்றை விளக்கக் குறிப்பாக உள்ளேயே எழுதிவையுங்கள். பதியப்படாததைச் சுழியத்தால் நிரப்பாதீர்கள். வரையறை மாறினால் புதிய நெடுவரிசை தொடங்குங்கள்.

மாணவி தம் வரைபடத்தை நீக்கவில்லை. 1971-க்கு நேரே கோட்டை முறித்து, அங்கே வரையறை மாறியதைக் குறித்திருக்கிறார். துணைத் தொழிலாகப் பதிவானவர்களைத் தேடுவதே இப்போது அவருடைய இரண்டாம் இயல்.