லோணார் பள்ளமும் செவ்வாய்க் கல்லும்

அஜந்தா, எல்லோரா பார்த்துத் திரும்பும் நம் குடும்பங்கள் லோணாரை விட்டுவிடுவது வழக்கம். புல்டாணா மாவட்டத்தில், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை நிலத்தில், சுமார் 1.8 கி.மீ. அகலமுள்ள வட்டப் பள்ளம். நடுவே உப்பு ஏரி. லோணாசுரனை விஷ்ணு வதைத்த இடம் என்பது ஊர்க்கதை. எரிமலைப் பூமியில் பள்ளம் என்றால் எரிமலை வாய்தானே என்று நெடுங்காலம் படித்தவர்களும் சொல்லிவந்தார்கள்.

வழக்கை முடித்தது ஒரு கண்ணாடி. 1973-ல் வெளியான பிரெட்ரிக்சன் குழுவினரின் ஆய்வு, பள்ளத்துக் கல்லில் மாஸ்கலினைட் இருப்பதைக் காட்டியது. இது எரிமலைச் சூட்டில் உண்டாகாது. விண்கல் மோதும் அதிர்ச்சி வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இதே பொருளை 1872-ல் செர்மாக் முதலில் கண்டறிந்தது, 1865-ல் பீகார் ஷெர்காட்டியில் விழுந்த விண்கல்லில். அது செவ்வாயிலிருந்து வந்தது என்பது பிற்பாடு தெரிந்தது!

செவ்வாயின் தரையும் பெரும்பாலும் இந்தக் கரும்பாறைதான். ஆகவே லோணாரின் அதிர்ந்த கல் செயற்கைக்கோளின் வெப்பக்கதிர்ப் படத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து, கையிலெடுத்த கல்லோடு ஒத்துப்பார்த்து, அந்த அறிவைக் கொண்டு செவ்வாய்ப் படங்களைப் படிக்கிறார்கள். உரைகல் இல்லாமல் யாராவது தங்கம் வாங்குவாங்களா?

வயதில்தான் இழுபறி. ஒரு கணக்கு சுமார் 52,000 ஆண்டு என்கிறது. ஆர்கான் கணக்கு சுமார் 5,70,000. அது தீர்ந்தால்தான், பள்ளத்தின் கரை எவ்வளவு காலத்தில் இவ்வளவு கரைந்தது என்று சொல்ல முடியும். எனக்கென்னவோ ஆர்கான் கணக்கே சரியென்று படுகிறது.