குத்துச்சண்டை போட்டால் 5 நிமிடம் மட்டும்தான் தண்டனை! ஐஸ் ஹாக்கியில் அடிதடி ஏன் அனுமதிக்கப்படுகிறது?

2025 பிப்ரவரி 15. கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள பெல் சென்டர் அரங்கில் அமெரிக்காவும் கனடாவும் மோதிய ஐஸ் ஹாக்கி போட்டி. கனடா மீது அமெரிக்க அதிபர் ட்ரம்ப் வரி விதிக்கப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்த நேரம் என்பதால், அமெரிக்க தேசிய கீதத்துக்கே கனடா ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவர் 'பக்' எனப்படும் ரப்பர் வட்டைக் கீழே போட்டதுதான் தாமதம், அமெரிக்காவின் மேத்யூ கச்சக்கும் கனடாவின் பிராண்டன் ஹேகலும் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டுக் குத்துவிட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பிரித்து அனுப்பி ஆட்டம் மறுபடி தொடங்கியதும் மேத்யூவின் தம்பி பிராடி கச்சக், சாம் பென்னட்டுடன் மோதினார். அது முடிந்து ஜே.டி.மில்லரும் கோல்டன் பரேகோவும். ஆட்டக் கடிகாரத்தில் ஓடியிருந்தது மொத்தமே 9 நொடிகள். அதற்குள் மூன்று சண்டை!

ஆறு பேரில் ஒருவர்கூட ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படவில்லை. ஆளுக்கு 5 நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வந்தார்கள். ஆட்டம் முடிந்தபிறகுதான், கச்சக் சகோதரர்களும் மில்லரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்பது தெரியவந்தது.

அந்த வீடியோவைப் பார்த்த நம்மூர் ரசிகர்கள் பலருக்கும் வந்திருக்கக்கூடிய சந்தேகம்: இதெல்லாம் எப்படி அனுமதிக்கிறாங்க? கிரிக்கெட்டில் எதிரணி வீரரைப் பிடித்துத் தள்ளினாலே விவகாரம் ஆகிவிடும். இங்கே மூக்கை உடைத்தாலும் 5 நிமிடம்தானா?

விதிப்புத்தகத்தில் என்ன இருக்கிறது?

சண்டை போடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அமெரிக்கா, கனடாவில் நடக்கும் என்.எச்.எல். தொடர்தான் உலகின் முதன்மையான ஐஸ் ஹாக்கி லீக். 1917-ல் தொடங்கிய இந்த லீக், 1922-லேயே கைகலப்புக்கு விதி எழுதிவிட்டது. ஆனால் தடை விதிக்கவில்லை, தண்டனையை மட்டும் நிர்ணயித்தது. இன்றைய விதிப்புத்தகத்தில் அது 46-வது விதி. கையுறையைக் கழற்றி குத்துச்சண்டையில் இறங்கினால் 5 நிமிட 'மேஜர் பெனால்டி'.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண தவறு செய்த வீரர் வெளியே போனால், அவரது அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அது பெரிய இழப்பு. ஆனால் சண்டையில் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் போவதால், பெஞ்சில் இருப்பவர்கள் அவர்களுக்குப் பதிலாக இறங்கலாம். ஐந்துக்கு ஐந்து என்றே ஆட்டம் தொடரும். அதாவது அணிக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

சண்டையை வலியத் தொடங்கியவருக்குக் கூடுதல் தண்டனை, நடுவில் மூன்றாவதாகப் புகுபவர் வெளியேற்றம், பெஞ்சில் இருந்து முதல் ஆளாக எழுந்து ஓடிவந்து சண்டை போட்டால் 10 போட்டிகளுக்குத் தடை என்றெல்லாம் விதிகள் பின்னர் சேர்ந்தன. ஒருவருக்கு ஒருவர் என்று நடக்கும் சண்டை மட்டும் தப்பித்துக்கொண்டது. அதிலும் ஓரங்க நடுவர்கள் பெரும்பாலும் யாராவது கீழே விழும்வரை காத்திருந்துதான் விலக்கிவிடுவார்கள்.

ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம்

ஐஸ் ஹாக்கி சாதுவான விளையாட்டு கிடையாது. கையில் மட்டை, காலில் கத்திபோன்ற ஸ்கேட், சுற்றிலும் சுவர். உடலால் மோதுவது விதிப்படியே சரி. இந்தச் சூழலில் நடுவர் கண்ணில் படாமல் நட்சத்திர வீரரை அடித்துக் காயப்படுத்துவது எளிது. அப்படிச் செய்தால் தட்டிக்கேட்க நம்ம பக்கம் ஒரு ஆள் இருக்கிறார் என்ற பயம் எதிரணிக்கு இருக்க வேண்டும் என்பதுதான் வாதம். அந்த ஆளுக்குப் பெயர் 'என்ஃபோர்சர்'. சொல்லப்போனால் அடியாள்.

ஐஸ் ஹாக்கியின் மிகப்பெரிய நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கிக்கே, எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் டேவ் செமென்கோ இப்படிப் பாதுகாப்பாக இருந்தார். 1988-ல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்கு மாறியபோது, மார்ட்டி மெக்சோர்லியும் கூடவே போனார். கோபத்தை கையால் தீர்த்துக்கொள்ள வழி இல்லையென்றால், வீரர்கள் மட்டையைத் தூக்குவார்கள் என்பது இன்னொரு வாதம். என்.எச்.எல். ஆணையர் கேரி பெட்மேன், சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டுடன் சண்டையை ஒப்பிட்டிருக்கிறார்.

அந்த தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா?

2004-ல் நடந்ததைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. கொலராடோ அணியின் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணியின் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டை ஓர் ஆட்டத்தில் மோதிக் காயப்படுத்தினார். அதற்குக் கணக்கு தீர்க்க வேண்டும் என்று வான்கூவர் காத்திருந்தது. மார்ச் 8-ம் தேதி ஆட்டத்தில் வான்கூவரின் மேட் குக்குடன் மூர் நேருக்கு நேர் சண்டையும் போட்டுவிட்டார். எழுதப்படாத சட்டப்படி கணக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதே ஆட்டத்தில் டாட் பெர்டுஸி, மூரின் பின்னால் வந்து குத்தி அவரைப் பனித்தரையில் வீழ்த்தினார். கழுத்தெலும்புகள் முறிந்தன. மூர் அதன்பிறகு என்.எச்.எல்.-ல் ஆடவே இல்லை. பெர்டுஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூர் தொடர்ந்த இழப்பீட்டு வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2014-ல் சமரசத்தில் முடிந்தது.

விலை கொடுப்பது யார்?

டெரெக் பூகார்ட். ஆறரை அடியைத் தாண்டிய உயரம். மினசோட்டா வைல்ட், பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ். 277 என்.எச்.எல். ஆட்டங்களில் அவர் போட்ட கோல் மூன்றே மூன்று. அவரை அணியில் வைத்திருந்தது கோல் போடுவதற்காக அல்ல. வலி நிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகிப்போன பூகார்ட், 2010 டிசம்பரில் ஒரு சண்டையில் தலையில் அடிபட்டார். அதுதான் அவரது கடைசி ஆட்டம். 2011 மே மாதம், மதுவும் வலி மாத்திரையும் அளவு மீறியதில் உயிரிழந்தார். வயது 28.

அவரது மூளையை குடும்பத்தினர் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் 'சி.டி.இ.' என்ற நோய் இருந்ததை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 45 வயதில் இறந்த இன்னொரு பிரபல என்ஃபோர்சர் பாப் ப்ரோபெர்ட்டின் மூளையில் இருந்ததைவிட, 28 வயது பூகார்டுக்குச் சிதைவு அதிகம். அதே 2011 ஆகஸ்டில் ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என மேலும் இரண்டு என்ஃபோர்சர்கள் இறந்தனர்.

இதெல்லாம் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1967 முதல் 2022 வரை என்.எச்.எல்.-ல் ஆடிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் விவரங்களை கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். என்ஃபோர்சர்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை மற்றவர்களைவிட பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்திருந்தார்கள். காரணங்களில் போதைப்பொருளும் தற்கொலையும் நரம்புச் சிதைவு நோய்களும் இருந்தன.

என்.எச்.எல். என்ன சொல்கிறது? தலையில் படும் அடிதான் சி.டி.இ.க்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே பெட்மேனின் நிலைப்பாடு. 2018-ல் ஓய்வுபெற்ற வீரர்கள் தொடுத்த வழக்கை சுமார் 1.9 கோடி டாலர் கொடுத்து முடித்தபோதும், லீக் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை.

தடை இல்லாமலே குறைந்தது எப்படி?

2008-09 சீசனில் 700-க்கும் மேல் சண்டைகள் நடந்தன. அண்மை சீசன்களில் அது 300-ஐ ஒட்டி இருக்கிறது. மனம் மாறியது மட்டும் காரணம் இல்லை. 2005-ல் அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. ஆட்டமும் வேகமானது. ஸ்கேட்டிங் வராத, குத்த மட்டுமே தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைப்பது கட்டுப்படியாகவில்லை.

சண்டை இல்லாவிட்டால் ரசிகர்கள் வர மாட்டார்கள் என்பதும் ஒப்புக்கொள்ளும்படி இல்லை. உயிரைக் கொடுத்து ஆடும் பிளே-ஆஃப் கட்டத்தில்தான் சண்டை மிகக் குறைவு. 5 நிமிடம் இழந்தாலே கோப்பை போய்விடும் என்ற பயம். ஒலிம்பிக்கிலும் அமெரிக்க கல்லூரிப் போட்டிகளிலும் சண்டை போட்டால் நேராக வெளியேற்றம்தான். கனடாவின் கியூபெக் ஜூனியர் லீக்கும் 2023-24 சீசனில் இருந்து இதே விதிக்கு மாறியது. என்.எச்.எல்.-லும் இந்த ஒரு வரியை மாற்றினால் போதும், முன்கூட்டியே பேசி வைத்துப் போடும் சண்டைகளில் பெரும்பாதி காணாமல் போகும்.

ஆனால் இப்போதைக்கு அந்த அறிகுறி இல்லை. 2024 பிப்ரவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக 21 வயது மேட் ரெம்பி அறிமுகமானார். பூகார்ட் கடைசியாக ஆடிய அதே அணி. அவரைப் போலவே ஆறரை அடியைத் தாண்டிய உயரம். முதல் ஆட்டத்தில், முதல் முறை பனித்தரையில் இறங்கியதுமே அவர் செய்தது சண்டைதான். சில வாரங்களிலேயே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.