42 தொகுதிகளும் ஒரு மெல்லிய கோப்பும்

எல்லாரிடத்தும் நிகழ்வன எல்லாவற்றையும் எந்நாளும் விரைந்து அறிந்துகொள்வது வேந்தனின் தொழில் என்று 'ஒற்றாடல்' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். அக்காலத்து வேந்தர் எவருக்கும் அது முற்றக் கைகூடியிராது. 20ஆம் நூற்றாண்டில் ஓர் அரசு அதை ஏறக்குறையச் செய்து பார்த்தது.

கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம், சுருக்கமாக ஸ்டாசி, 1950 பிப்ரவரியில் தோற்றுவிக்கப்பட்டது. 'கட்சியின் கேடயமும் வாளும்' என்பது அது தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். நாட்டின் கேடயம் என்று சொல்லிக்கொள்ளாத நேர்மையையாவது பாராட்டலாம். சுமார் 1.6 கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், 1989இல் அதற்கு ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தனர். அவர்களுக்கு இரகசியமாகத் தகவல் தந்தவர்கள் மேலும் 1,89,000 பேர். அண்டை வீட்டார், உடன் பணியாற்றுவோர், சில வீடுகளில் கணவரே. ஒருவரைச் சிறையிலடைக்காமலே வதந்தி பரப்பியும் வேலையைக் கெடுத்தும் நண்பர்களிடமிருந்து பிரித்தும் உள்ளுக்குள் நொறுங்கச் செய்வதற்கு அவர்கள் 'சிதைத்தல்' என்றே பெயரிட்டிருந்தார்கள். இவ்வளவு அறிந்திருந்தும் 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்ததை அவர்களால் தடுக்க முடியவில்லை.

எழுத்தாளர்கள் மீது ஸ்டாசிக்குத் தனி அக்கறை இருந்தது. கிறிஸ்டா வோல்ஃப் 1979இல் எழுதி 1990இல் வெளியிட்ட 'எஞ்சியிருப்பது' என்னும் குறுநாவலில், வீட்டெதிரே நிற்கும் காரிலிருந்து தன்னைக் கண்காணிப்பவர்களை ஓர் எழுத்தாளர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆபத்து நீங்கிய பின் வெளியிடுவதில் என்ன துணிவு என்று விமர்சகர்கள் சாடினர்.

1992 ஜனவரி முதல் குடிமக்கள் தத்தம் கோப்புகளைப் படிக்கச் சட்டம் வழிசெய்தது. வோல்ஃப் தம்பதியரைப் பற்றி 42 தொகுதிகள் இருந்தன. அவையும் 1980 வரையிலானவை மட்டுமே. அவற்றோடு ஒரு மெல்லிய கோப்பும் இருந்தது. 1959 முதல் 1962 வரை 'மார்கரெட்டே' என்ற மறைபெயரில் வோல்ஃபே தகவல் தந்திருந்தார். தந்தவை பெரும்பாலும் தீங்கற்றவை. அவர் மனந்திறந்து பேசவில்லை என அதிகாரிகளே குறைபட்டிருக்கிறார்கள். 1993 ஜனவரியில் அவர் இதனைப் பொதுவில் சொன்னார், அவ்வாண்டிலேயே அக்கோப்பை நூலாகவும் வெளியிட்டார். மறைபெயர் ஒன்று இருந்ததையே மறந்துபோனதாக அவர் கூறியதைப் பலர் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். ஸ்டாசியை வேறு உளவுத்துறைகளிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் இதுதான் என்று தோன்றுகிறது: கண்காணிக்கப்பட்டவரே ஒரு காலத்தில் கண்காணித்தவராகவும் இருந்தார், அதை அவர் நினைவு கைவிட்ட பின்னும் கோப்பு வைத்திருந்தது. ஆனால் 42 தொகுதிகளை ஒதுக்கிவிட்டு மெல்லிய கோப்பைக் கொண்டே அவரை எடைபோட்ட பத்திரிகைகள், ஸ்டாசி விட்டுச்சென்ற ஐயத்தையே தொடர்ந்து வளர்த்தன.

2010இல் வெளிவந்த அவருடைய கடைசி நாவல் 'தேவதைகளின் நகரம்'. அதில் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கியிருக்கும் ஜெர்மன் எழுத்தாளர் ஒருவர், இதை எப்படி மறந்தேன் என்று தம்மையே விசாரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு டிசம்பரில் வோல்ஃப் காலமானார்.