ஐந்து விளக்கிலிருந்து மொட்டை மாடி வரை

இந்த எபிசோடில் நாம போற ஊர் திருவேங்கடம். சங்கரன்கோவில் பக்கம், கரிசல் பூமி, தீப்பெட்டித் தொழில். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போ தென்காசி. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். அந்த வெயில் வீட்டு கரண்ட் பில்லுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் கதை.

இந்தப் பக்கத்து மின்சார வரலாறு தண்ணீரில் ஆரம்பிக்குது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு காற்றாலைகள் வந்தன. வெயிலின் முறை வந்தது 2010-களில்தான். அதுவும் லாபக் கணக்கில் வரவில்லை, இருட்டில் வந்தது.

2012 ஞாபகம் இருக்கா? சென்னையில் ரெண்டு மணி நேரம் கட் ஆனதுக்கே புலம்பினோம். தெற்கு மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. அன்றைக்கு சோலார் என்றால் ஒரே அர்த்தம்: கரண்ட் போனாலும் விளக்கு எரியணும்.

2011-ல் அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு, 1.80 லட்ச ரூபாய், கூடவே சூரிய சக்தியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல் விளக்குகள். வருஷத்துக்கு 60,000 வீடுகள் கட்டுவது இலக்கு. ஐந்து விளக்கு சின்ன விஷயம்னு தோணலாம். ஆனா பில்லைக் குறைக்க அல்ல, வெளிச்சம் தர வந்த சோலார் அது. அந்த வித்தியாசம் முக்கியம்.

2012 அக்டோபர் 20-ல் மாநிலத்தின் சூரிய மின்சக்திக் கொள்கை வெளியானது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு. வீட்டு மாடியில் போட்டால் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில ஊக்கத்தொகை, மத்திய மானியம் தனி. இங்கேதான் கதை திரும்புது. மாடியில் விளையும் மின்சாரத்தை பேட்டரியில் சேர்க்காமல் ஈ.பி. லைனுக்கே அனுப்பி, பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் முறை வந்தது. பேட்டரி செலவு மிச்சம். ஆனா ஒரு வேடிக்கை: லைனில் கரண்ட் போனால் இந்த சோலாரும் தானா நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது இல்லையா, அதுக்காக. இருட்டுக்கு மருந்தாக வந்தது, இருட்டில் உதவாத பொருளாக மாறிப்போச்சு!

அப்புறம் 2016 மே. வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிப்பு. லைட், ஃபேன், டி.வி. மட்டும் ஓடுகிற ஒரு சின்ன வீடு அதுக்குள்ளேயே அடங்கிவிடும். பில்லே இல்லாதவருக்கு சோலார் எதை மிச்சப்படுத்தும்?

மிச்சம் யாருக்கு? ஏ.சி. வைத்தவருக்கு. ஒரு கிலோவாட் பேனல் சுமாராக நாளைக்கு 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட் தரும். 620 யூனிட் ஓட்டும் வீட்டைப் பாருங்க, 380-க்கு இறங்கிவிடும். 2022 செப்டம்பர் கட்டணத்தில் 400 வரை யூனிட்டுக்கு 4.50 ரூபாய், 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய். சோலார் முதலில் வெட்டுவது அந்த உச்சாணி யூனிட்களைத்தான். அதிகம் செலவழிப்பவருக்கு அதிக மிச்சம். எனக்கு இது உறுத்துது.

2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் கணக்கை இன்னும் இனிப்பாக்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். ஆனா சொந்த மாடி வேணும். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும். சென்னையில் வாடகைக்கு இருக்கிற உங்களுக்கு பில் உங்களுடையது, மாடி ஹவுஸ் ஓனருடையது.

ஊரில் அப்பா அம்மாவுக்குச் சொந்த வீடு இருந்தா, ஈ.பி. கார்டை எடுத்து கடைசி ஆறு பில்லைப் பாருங்க. ஏப்ரல், மே வெயிலில் 500-ஐத் தாண்டுதா? அப்போ பேனல் பேச்சை எடுக்கலாம். 100-க்குள்ளேயே நிக்குதா? அந்தப் பணத்தில் வேற ஏதாவது வாங்கிக் கொடுங்க.