சிறுவேட்டைத் தோட்டா

அணில், முயல் அளவுள்ள விலங்குகளை வேட்டையாடவும், தகர டப்பாவையோ காகித இலக்கையோ பொழுதுபோக்காகச் சுடவும் பயன்படும் சிறிய ரைபிள் தோட்டாக்கள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. வித்து விழுந்தது பிரான்சில், வளர்ந்தது அமெரிக்காவில். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்காகத் தோட்டா தேர்ந்தெடுக்கும் கேள்வியே அநேகமாக எழுவதில்லை. ஆயினும் தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் இக்குடும்பத்தின் பேர்பெற்ற பிள்ளையை அறிவார்கள். பயிற்சித் திடலில் குப்புறப் படுத்துச் சுட்ட ‘பாயிண்ட் டூ டூ’ அதுதான்.

அதன் முழுப்பெயர் .22 லாங் ரைபிள். இது துப்பாக்கியின் பெயரன்று, தோட்டாவின் பெயர். புதிதாக வருபவர்கள் பலரும் இங்கே தடுமாறுகிறார்கள். எண் அங்குலக் கணக்கு; குண்டின் விட்டம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5.7. பாரிசில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845இல் வீட்டுக்குள் சுட்டு விளையாடுவதற்காகச் செய்த சின்னஞ்சிறு தோட்டாவில் இதன் கதை தொடங்குகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் தன் கைத்துப்பாக்கிக்காக .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதைவிட நீண்ட கூடு 1871இல் வந்தது. அந்தக் கூட்டில் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், ஈயக் குண்டை வைத்து 1887இல் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் வெளியிட்டதே இன்றைய லாங் ரைபிள். முழு நீளம் ஓர் அங்குலம். சுண்டுவிரலின் இரண்டு கணுவுக்குள் அடங்கிவிடும்.

அமைப்பில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டை விட்டு நகரவே இல்லை. பிற்காலத் தோட்டாக்கள் பலவற்றில் கூட்டின் அடி நடுவே தனியான பற்றுமருந்துக் குப்பி இருக்கும். இதில் அந்த மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. அடிக்கும் ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயர் என்ற பெயர் இதனால் வந்தது. நசுங்கிய கூட்டில் மறுபடி மருந்தேற்றிப் பயன்படுத்துவது நடைமுறையில் இல்லை, சுட்டதும் எறிய வேண்டியதுதான். ஆனால் செய்முறை எளிது, ஆதலால் விலையும் குறைவு. குண்டும் கூடும் ஒரே பருமன். குண்டின் அடிப்பாகம் மட்டும் மெலிந்து கூட்டுக்குள் இறங்குகிறது.

கடையில் 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டியை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வேகம். பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதும் அதைத்தான். சாதாரண வேக வகை நொடிக்கு 325 முதல் 330 மீட்டர். காற்றில் ஒலி செல்லும் வேகமான சுமார் 340 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அதிவேக வகை 380ஐ ஒட்டி வரும். குண்டின் எடையைக் குறைத்து 500 மீட்டரை எட்டும் வகைகளும் 1977 முதல் உண்டு. வேகம் கூடினால் எல்லாம் நன்மை என்று எண்ணுவது இயல்பு. இந்தத் தோட்டாவில் அது பாதிதான் உண்மை.

பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது அது பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததன்று. காற்றின் தடையால் அது இழக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஒலி வேகத்தை ஒட்டிய இடத்தில் அந்தத் தடை திடீரென ஏறுகிறது. 380இல் புறப்படும் குண்டு அந்தத் தடையில் மாட்டி வேகத்தை மளமளவென்று இழக்கிறது. 330இல் புறப்பட்டது அதில் சிக்காமல் போய்விடுகிறது. எனவே 100 கஜத்தில், விரைந்து செல்லும் குண்டே காற்றில் அதிகம் விலகும். ஒலி வேகத்தைத் தாண்டி இறங்கும்போது குண்டு தள்ளாடுவதும் உண்டு. போட்டிச் சுடுநர்கள் மெதுவான வகையையே நாடுவதற்குக் காரணம் இதுதான். அதிவேகத்துக்கு உள்ள ஆதாயம் பாதை சற்றுத் தட்டையாக இருப்பது. 50 கஜத்துக்குச் சீராக்கிய சாதாரண வகை 100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்குத் தாழும். அதிவேக வகை அதைவிடச் சிறிது குறைவாகத் தாழும். அவ்வளவே.

வேட்டைக்காரரின் கணக்கு வேறு. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா போன்ற அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் இலையுதிர் காலம் சாம்பல் அணிலின் பருவம். முதுகில் கோடுள்ள நம் அணிலைப் போல் பல மடங்கு எடை, அரைக் கிலோ வரை. ஹிக்கரி மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, கொட்டை கொறிக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்து, இருபது முப்பது கஜத்தில் தலையைக் குறிவைத்துச் சுடுவார்கள். கறி குழம்புக்குப் போக வேண்டும். பர்கூ எனும் கென்டக்கிக் கூட்டுக்கறிக்குப் பழைய நாளில் அணில் முக்கியச் சேர்மானம். உடலில் பட்டால் பாதிக் கறி வீண். எனவே அங்கே வலுவைவிடத் துல்லியமே பெரிது. மூக்கில் குழியுள்ள குண்டு பட்ட இடத்தில் விரிந்து உடனே கொல்லும், ஆனால் சதையைச் சிதைக்கும். தலையைத் தவறாமல் அடிப்பவர் உருண்டை மூக்குக் குண்டே போதும் என்பார். தன் கையை அவ்வளவு நம்பாதவர் குழிமூக்கை எடுப்பதே விலங்குக்குச் செய்யும் இரக்கம்.

மரத்தின் மேல் சுடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தச் சின்னக் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். அணிலுக்குப் பின்னால் வானம் தெரிந்தால் சுடாமல் விட வேண்டும், அடிமரம் இருந்தால் சுடலாம். தண்ணீரிலும் பாறையிலும் பட்டுத் தெறித்துத் திரும்புவதிலும் மெதுவான ஈயக் குண்டு பேர்போனது.

நூறு கஜத்துக்கு அப்பால் லாங் ரைபிளின் ஆட்சி முடிகிறது. வின்செஸ்டர் 1959இல் வெளியிட்ட .22 மேக்னம் அதே 40 கிரெய்ன் குண்டை நொடிக்கு 580 மீட்டர் வரை தள்ளும். அதன் கூட்டின் வாயைச் சுருக்கி ஹார்னடி நிறுவனம் 2002இல் .17 எச்.எம்.ஆர். தோட்டாவைச் செய்தது, 17 கிரெய்ன் குண்டு, 775 மீட்டரை ஒட்டிய வேகம். பாதை நூல் பிடித்தாற்போல் இருக்கும். ஆனால் 1.1 கிராம் குண்டுக்குக் காற்று பெரும் பகை, முயலின் கறியையும் கிழித்துவிடும்; பயிரழிக்கும் கொறிணிகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்கே அது பொருந்தும். 1930 முதல் விற்பனைக்கு வந்த .22 ஹார்னெட் இன்னும் வலியது. அது ரிம்ஃபயர் அன்று, கூட்டில் மறுபடி மருந்தேற்றலாம். பெயரில் எண் ஒத்துப்போவதை நம்பி ஒன்றுக்கான துப்பாக்கி அறையில் மற்றொன்றை இடக்கூடாது. கூடு வெடித்துப் பிளக்கலாம்.

எந்த நிறுவனத்தின் தோட்டா சிறந்தது என்ற கேள்விக்குக் குழலே விடை சொல்லும். ஒரு ரைபிளில் ஒரே துளையாக விழும் தோட்டா, அதே வகையைச் சேர்ந்த அடுத்த ரைபிளில் சிதறும். ஒரே பெயரில் வரும் இரண்டு தயாரிப்புத் தொகுதிகள்கூட ஒத்துப்போவதில்லை. ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதற்காக வீரர்கள் தங்கள் ரைபிளைத் தோட்டா நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்கே எடுத்துச் சென்று, ஒத்துவரும் தொகுதியைக் கண்டு மொத்தமாக வாங்கிவருவது வழக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற போட்டி இத்தோட்டாவைக் கொண்டே நடப்பது. பொழுதுபோக்காளருக்கு அவ்வளவு வேண்டாம். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மேசையில் மணல் பையைத் தாங்கலாக வைத்துச் சுட்டுப் பார்த்தால் ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும்.

மலிவு என்ற பெயர் ஒருமுறை ஆட்டங்கண்டது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின் துப்பாக்கிச் சட்டம் கடுமையாகும் என்ற அச்சத்தில் மக்கள் தோட்டாக்களை வாங்கிக் குவித்தார்கள். சில ஆண்டுகளுக்கு .22 அலமாரிகள் வெறிச்சோடிக் கிடந்தன.

அண்மைக்காலத்தில் தேர்வைச் சிக்கலாக்கியிருப்பது ஈயம். ஈயத் துணுக்குள்ள இரையைத் தின்று கான்டோர் கழுகுகள் நஞ்சேறிச் செத்ததால், கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுமையாகத் தடை செய்தது. ஈயத்துக்கு மாற்றான செம்பு அதைவிட எடை குறைந்தது; கூட்டோடு ஒரே பருமனாக இருக்க வேண்டிய பழைய அமைப்பில் குண்டை நீட்டி எடையைக் கூட்டவும் அதிக இடமில்லை. எனவே ஈயமற்ற வகைகள் சில 20 கிரெய்னை ஒட்டியே நிற்கின்றன. அவை மிக வேகமாகப் புறப்பட்டு விரைவில் ஓய்ந்துவிடும். 40 கிரெய்ன் ஈயத்துக்குச் சீராக்கிய குறிநோக்கியை இவற்றுக்காகப் புதிதாகச் சீராக்க வேண்டும்.